கூத்து அல்ல, நாடகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் ‘ஸ்டேஷன் லெவன்’ நாவலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாவலை நானும் படித்திருக்கிறேன், பிடித்தும் இருந்தது. காய்ச்சலில் உலகமே காலியாகி 20 வருஷம் கழித்து ஒரு கூட்டம் குதிரை பூட்டிய வண்டியில் ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறது. அதற்குக் கட்டுரையாளர் உருகியிருக்கிறார், சரி. கடைசியில் ஒரு வரி எழுதினாரே, தமிழ் நிலத்துக்குத் தொற்றுக்காலம் புது அனுபவம், அதைச் சொல்ல நம்மிடம் கதையும் இல்லை, கலையும் இல்லை என்று?

புது அனுபவமா? தங்களுக்குத் தெரியாததல்ல, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன காலத்தில் காலரா, அம்மை பயத்தில் எல்லாரையும் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் இருந்த கேம்பில் அடைத்துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். பின்னாளில் அகதிகள் வந்ததும் அதே கேம்புக்குத்தான். என் அப்பத்தாவின் அம்மா அங்கே கிடந்த நாள்களை அப்பத்தா ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்துப் பாடும். கதை இல்லையாம்.

என் அப்பா வள்ளி திருமண நாடகத்துக்குப் பெட்டி வாசிப்பவர், ஆர்மோனியத்தைத்தான் சொல்கிறேன். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான் நாடகக்காரர்களுக்கு வரும்படி. 2020 பங்குனியில் ஊரடங்கு. நாடகத்துக்குப் பேசியிருந்த பதினொரு தேதியும் போனது, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. மறு வருஷமும் அப்படியே. நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர், அப்பா சொன்ன தொழிலுக்குக் கட்டம் இல்லை என்று ‘கூலி’ என்று போட்டுக்கொண்டு போனார். அப்பா வாயே திறக்கவில்லை.

உப்புக் காற்றில் ரீடு துருப்பிடிக்கும் என்று பெட்டியைப் பழைய கைலியில் சுற்றி வைத்திருப்பார். ராத்திரி பத்து மணிக்கு, நாடகம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு, அதைப் பிரிப்பார். வள்ளி வேஷம் கட்டுகிற அக்கா புதுக்கோட்டையிலிருந்து போன் போடுவார். ஸ்பீக்கரில் போட்டு அரிசி டின் மேல் வைத்துவிட்டு இவர் வாசிக்க, அங்கே அவர் வள்ளி குருவி விரட்டுகிற ஆலோலம் பாட, குரல் பிந்திப் பிந்தி வர, தாளம் தப்பி, போனைத் திட்டிக்கொண்டே அப்பா மறுபடி பிடிப்பார். எதுக்குப்பா இதெல்லாம் என்றால், “விட்டுட்டா அவளுக்குத் தொண்டை கட்டிப்போகும்ல” என்பார். குதிரை வண்டிதான் இல்லை எங்களிடம்.

உங்களுக்கு எங்கள் கரை என்றாலே தனுஷ்கோடி, அதிலும் அந்த இடிந்த சர்ச். 1964 புயலை இன்னும் எத்தனை தடவை போடுவீர்கள்? போன வருஷம் ஒரு சிறுகதையில் பாம்பன் மீனவர் கோயம்புத்தூர்க்காரர் மாதிரி ‘ஏனுங்க’ என்கிறார். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம். கட்டுரைக்குப் போட்ட படத்தில் ராஜபார்ட், பபூன், ஓரத்தில் பெட்டி, எல்லாம் எங்கள் பக்கத்து மேடை. கீழே ‘தெருக்கூத்துக் கலைஞர்கள்’ என்று இருக்கிறது. தெருக்கூத்து வட மாவட்டத்துக் கலை, இது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி, நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிற நாடகம். தெரியாமல் இருந்திருக்காது, பார்க்க நேரமிருந்திருக்காது. அடுத்த இதழில் ‘படத்தில் இருப்பது வள்ளி திருமண நாடகம்’ என்று ஒரு வரி போடுங்கள். போன இதழை அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவிபட்டினம்