50 ஹெர்ட்ஸில் ஓடிய காண்ட்ரா

தஞ்சாவூர்
ஞாயிறு

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கட்டு அவிழ்த்ததும் முதலில் பேப்பரைத்தான் கேட்டிருப்பார். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டதால் வீட்டில் டிவி சத்தம் குறைந்துவிட்டது. மழை இந்த ஆண்டு முன்னதாகவே பிடித்துக்கொண்டது; வயலில் இறங்கியவர்களுக்கு அதனால் மகிழ்ச்சி.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மலருக்கு நாம் விளையாடிய டிவி கேமைக் காட்ட வேண்டும், வீட்டில் பழைய லேப்டாப், உன் ஆண்ட்ராய்டு போன், அவளுடைய ஐபேட் மூன்றும் இருக்கின்றன, எந்த எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போல நடித்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள், போடுவது என்று கேட்டிருந்தாய். மூன்றுக்கும் பொதுவாக ஒரே பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கன்சோலின் விளையாட்டு, எந்தக் கருவியில், கையில் எந்தக் கன்ட்ரோலரோடு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

அதற்கு முன் உன் இன்னொரு கேள்வி. ஏதோ ஒரு எமுலேட்டரைப் போட்டுப் பார்த்தபோது நாம் ஆடிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டான காண்ட்ரா தலைதெறிக்க ஓடுகிறது, பாட்டும் வேறு மாதிரி கேட்கிறது, எனக்கு வயதாகிவிட்டதா என்று எழுதியிருந்தாய். உன் கையும் காதும் சரியாகத்தான் இருக்கின்றன. நீ கண்டுபிடித்தது உண்மையான வித்தியாசம்.

நாம் விளையாடியது நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோலின் நகல். நின்டென்டோ அந்தக் கன்சோலை 1983-இல் ஜப்பானுக்காகச் செய்தது. அங்கேயும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 முறை படம் காட்டும். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. வினாடிக்கு 50 முறைதான், அதாவது 50 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்து விளையாட்டுகளுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு படம் வரையப்படும்போதும் ஓர் அடி எடுத்து வைப்பதுதான் அவற்றின் கணக்கு. ஆகவே 50-இல் ஓடினால் ஓட்டம், குதிப்பு, குண்டு, பாட்டின் தாளம் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். நாம் வளர்ந்தது அந்த மெதுவான காண்ட்ராவில். நீ இப்போது பார்த்தது அமெரிக்கப் பிள்ளைகள் பார்த்த வேகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. நின்டென்டோவே ஐரோப்பாவுக்கு 50 ஹெர்ட்ஸ் கன்சோலை விற்றபோது அதன் செயலியின் வேகத்தையும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்குக் குறைத்தது. அதனால் அங்கே பாட்டின் சுருதியும் இறங்கிவிட்டது. ஆனால் பால் நாடுகளில் விற்ற நகல் கன்சோல்களைச் செய்தவர்கள் செயலியை ஏறக்குறைய 1.77-லேயே வைத்துவிட்டார்கள். ஆகவே சுருதி அதே இடத்தில் நிற்க, தாளம் மட்டும் மெதுவாகப் போனது. ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் இப்படி ஒரு நகல் பெரும் புகழ் பெற்றது. எமுலேட்டர் எழுதியவர்கள் அந்தப் பெயரையே இந்த முறைக்கும் வைத்துவிட்டார்கள்.

லேப்டாப்பில் மெசன் என்ற எமுலேட்டரைப் போடு. இலவசம், விளம்பரம் இல்லை. அதில் என்இஎஸ் அமைப்புகளுக்குள் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்று தேர்ந்தெடுத்துக் காண்ட்ராவை ஓட்டிப் பார். அடுத்து ஆடியோ பகுதிக்குப் போ. அந்தக் கன்சோலில் மெட்டு வாசிக்கும் இரண்டு சதுர அலைச் சேனல்கள் உண்டு. பழைய நகல்கள் சிலவற்றில் அந்த அலையின் 25 சதவீத வடிவமும் 50 சதவீத வடிவமும் இடம் மாறிப்போயிருந்தன. சுரம் ஒன்றுதான், குரல் வேறு. அந்தக் குறைபாட்டைக்கூட அப்படியே திருப்பித் தரும் ஒரு விருப்பத் தேர்வை மெசனில் வைத்திருக்கிறார்கள். உன் மாமா வீட்டுக் கன்சோல் அந்த ரகமா என்பதை நீயே இரண்டு விதமாகவும் கேட்டுச் சொல். யாரோ ஓர் அந்நியர், நம் ஊர்க் கடையில் விற்ற பெயரில்லாத நகலின் குரலையும் மதித்துக் காப்பாற்றியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 50 படங்களை அதில் சமமாகப் பங்கிட முடியாது. திரை நகரும்போது லேசாகத் தடுக்கும். எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவியில் இணைத்து, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் கிடைத்தால் வைத்துக்கொள். தடுக்கல் போய்விடும். டிவியில் கேம் மோடைப் போட மறக்காதே. அது இல்லாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீ பள்ளத்தில் விழுந்திருப்பாய். மெசன் லேப்டாப்புக்குக் கனமாக இருந்தால் எஃப்சிஇயுஎக்ஸ் போடு. டெண்டி முறை அதிலும் இருக்கிறது. வாத்து சுடும் துப்பாக்கி பழைய குழாய் டிவியில் மட்டுமே வேலை செய்யும். எமுலேட்டரில் அதற்குப் பதில் மவுஸ்.

இவ்வளவு சின்ன இயந்திரத்தைப் போலி செய்ய ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். பழைய சில்லுகள் ஒன்றையொன்று எந்த நொடித் துணுக்கில் தொட்டுக்கொண்டன என்பதுவரை பின்பற்றினால்தான் எல்லா விளையாட்டும் பிழையின்றி ஓடும். என்இஎஸ்ஸுக்கு அடுத்து வந்த சூப்பர் நின்டென்டோவுக்கு பிஸ்நெஸ் என்ற எமுலேட்டரை எழுதிய நியர் என்பவர் அதற்காகவே பல ஆண்டுகளைக் கொடுத்தார். அமெரிக்காவில் வெளியான கேசட்டுகளை வாங்கிச் சேர்த்து, ஒவ்வொன்றையும் படியெடுத்துச் சரிபார்த்தார். 2021-இல் மறைந்துவிட்டார். அந்தக் கன்சோலுக்கு அவருடைய பிஸ்நெஸ்தான் என் தேர்வு. லேப்டாப் திணறினால் ஸ்நெஸ்9எக்ஸ் போதும். விளையாடும்போது பெரும்பாலும் வேறுபாடு தெரியாது.

பிளேஸ்டேஷன் முதல் தலைமுறை உன் லேப்டாப்பில் டக்ஸ்டேஷனில் நன்றாக ஓடும் என்று நினைக்கிறேன். அந்தக் கன்சோலைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருளான பயாஸ் கோப்பு அதற்கு வேண்டும். பிளேஸ்டேஷன் 2 ஆசையை இப்போதைக்கு விட்டுவிடு. பிசிஎஸ்எக்ஸ்2 அருமையான எமுலேட்டர்தான், ஆனால் அந்தக் கன்சோலுக்குள் பல செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத பழைய லேப்டாப் அவற்றை எல்லாம் சுமக்காது.

போனில் காண்ட்ராவை விளையாடாதே. கண்ணாடியில் வரைந்த பொத்தான் விரலுக்கு அகப்படாது. குதிக்க வேண்டிய நேரத்தில் நிற்பாய், நிற்க வேண்டிய நேரத்தில் குதிப்பாய். போனுக்கு உகந்தவை முறை வைத்து ஆடும் விளையாட்டுகள், புதிர்கள், பிஎஸ்பி விளையாட்டுகள். சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பிக்கு வேறு யோசனையே வேண்டாம்: 2012-இல் வந்த பிபிஎஸ்எஸ்பிபி. பயாஸ் கோப்பு கேட்காது. பிஎஸ்பியின் திரை 480க்கு 272 புள்ளிகள்தான். உன் போனில் அதை இரண்டு, மூன்று மடங்கு கூர்மையாக்கி ஓட்டலாம். மற்றக் கன்சோல்களுக்கு லெமுராய்டு. விளையாட்டுகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பிளே ஸ்டோரில் தேடும்போது கவனமாக இரு: பிறர் இலவசமாகக் கொடுத்த எமுலேட்டரை எடுத்து, பெயரை மாற்றி, விளம்பரம் திணித்து விற்பவர்கள் அங்கே நிறையப் பேர். எழுதியவரின் உழைப்பைத் திருடும் அந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பொறுக்காது.

ஐபேடுக்கு 2024 ஏப்ரல் வரை நேர்வழியே இல்லாமல் இருந்தது. அப்போதுதான் ஆப்பிள் தன் விதியைத் தளர்த்தியது. உடனே டெல்டா வந்தது, அடுத்த மாதமே பிபிஎஸ்எஸ்பிபியும் வந்தது. மலருக்கு டெல்டா போதும். கேம் பாயிலிருந்து நின்டென்டோ டிஎஸ் வரை அதில் அடங்கும். நின்டென்டோவின் பிந்தைய கன்சோலான கேம்கியூப் மட்டும் கேட்காதே. அதற்கான டால்பின், பழைய இயந்திர மொழியை ஓட்டத்தின் நடுவிலேயே புதிய இயந்திர மொழிக்கு மாற்றி ஓட்டுகிறது. ஆப் ஸ்டோரில் வரும் ஆப்களுக்கு ஆப்பிள் அந்த அனுமதியைத் தருவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் ரெட்ரோஆர்க் பற்றி உன் அலுவலக நண்பர் சொன்னதாக எழுதியிருந்தாய். சக்தி வாய்ந்ததுதான், ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் மெனுக்களில் வழி தவறிவிடுவாய். ஒரு காரணத்துக்காகப் பிறகு நிச்சயம் அதைப் பார்: பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்க, அடுத்த ஓரிரு படங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் ரன்-அஹெட் வசதி அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கட்டை விரலுக்குத் தெரியும்.

ஆட்டத்தை அந்த நொடியில் அப்படியே உறையவைத்து எமுலேட்டர் சேமிக்கும் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பாதே. எமுலேட்டரின் புதிய பதிப்பு வந்தால் சில நேரம் பழைய ஸ்டேட் திறக்காது. விளையாட்டுக்குள்ளேயே சேமிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்து. அந்தச் சிறு கோப்பை லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கொண்டுபோய்த் தொடரவும் பெரும்பாலும் முடியும்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். எமுலேட்டர் எழுதுவது தன்னளவில் குற்றமில்லை என்ற பக்கம்தான் 2000-இல் சோனிக்கும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. இன்னும் கடையில் விற்கும் கன்சோலைத் தொட்டால் கதை வேறு: நின்டென்டோவின் சுவிட்ச் கன்சோலுக்கான எமுலேட்டர் யூசுவை எழுதியவர்கள் 2024-இல் நின்டென்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள். விளையாட்டுக் கோப்புகளுக்கு உரிமை உண்டு. கடையில் கிடைப்பதை வாங்கு. உன்னிடம் இருக்கும் கேசட்டைப் படியெடு. பழைய என்இஎஸ் கன்சோலுக்கு இன்றும் புதிதாக விளையாட்டு எழுதி இலவசமாகத் தருபவர்களுடையதையும் பார். ஆனால் என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. கேசட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். விற்கவும் மாட்டேன், காக்கவும் விடமாட்டேன் என்று நிறுவனங்கள் சொல்வது அநியாயம்.

கைக்கடக்கமான தனிக் கருவி வாங்கலாமா என்ற யோசனை நல்லதுதான். அதிலும் திரையைப் பார்த்து வாங்கு. 640க்கு 480 புள்ளித் திரை நம் டிவி கேமுக்குப் பொருந்தும். கேம் பாய் அட்வான்ஸ்தான் குறி என்றால் 720க்கு 480 திரையைத் தேடு. அதன் 240க்கு 160 படம் சரியாக மூன்று மடங்காக உட்காரும். கருவியோடு வரும் மெமரி கார்டை நம்பாமல் நல்லதாக ஒன்று வாங்கி மாற்றிவிடு.

லேப்டாப்பின் மாடல் எண்ணையும் அதில் எத்தனை ஜிபி ராம் என்பதையும் எழுது, மீதியைச் சொல்கிறேன். கன்ட்ரோலர் வாங்கும்போது கம்பியுள்ள யுஎஸ்பி ரகமாகப் பார்; புளூடூத்தில் தாமதம் கூடும். இரண்டாக வாங்கு. காண்ட்ராவை மலர் தனியாக ஆடக் கூடாது, பக்கத்தில் நீ உட்கார வேண்டும். தீபாவளிக்கு வரும்போது இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். என் வீட்டில் குழாய் டிவி இன்னும் ஓடுகிறது.

தங்கை கவிதாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரவி