செவலையை அறுக்கவில்லை, மாமா

மாமாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருஷம் கும்பிடுகிறோம். படையலில் நாட்டுக்கோழிக் குழம்பு உண்டு. ஆனால் நம் வீட்டுக் கோழி செவலையை அறுக்கப் போவதில்லை. வீட்டில் பேசி முடித்தாயிற்று. அதாவது நான் சொல்லிவிட்டேன், மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கறி சந்தையிலிருந்து வருகிறது.

"அவர் வளர்த்ததை அவருக்குப் படைப்பதுதானே முறை?" என்று கேட்டார்கள். யார் கேட்டது என்று எழுத மாட்டேன், சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பார்கள். நீங்கள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். முட்டை குறைந்தால் குழம்பு. அதில் உங்களுக்குத் தயக்கமே இருந்ததில்லை. முன்பெல்லாம் செவலை இடத் தொடங்கினால் 12, 15 என்று இட்டுவிட்டுத்தான் அடைக்கு உட்காரும். இப்போது ஏழெட்டோடு சரி. உங்கள் கணக்குப்படி அதற்கு நாள் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், என் கணக்கு வேறு.

அந்த ஐப்பசி மழை ராத்திரிதான் காரணம். அய்யலூர் சந்தையில் வாங்கிய தாய்க்கோழியைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. பொரித்துச் சில நாள்கூட ஆகாத குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் விட்டு, உமி பரப்பி, 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தோம். முதல் வாரம் பெட்டிக்குள் 35 டிகிரி வரை சூடு வேண்டும் என்று நான் போனில் பார்த்துச் சொன்னேன். உங்களுக்கு டிகிரியெல்லாம் கிடையாது. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவிப் படுத்தால் சரி. அதைப் பார்த்தே கயிற்றை ஏற்றி இறக்குவீர்கள். ஒரு தடவையும் தப்பியதில்லை.

ஊர் அடங்கிய நேரத்தில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளின் கத்தலே மாறிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடியில் கிடந்த சில ஏற்கெனவே நசுங்கிப் போயிருந்தன. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தரையில் சம்மணம் போட்டு, மிச்சத்தை அள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொண்டீர்கள். நான் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றிக் கொடுப்பேன், ஆறியதும் அடுத்தது. முழங்காலை மடக்கினாலே உங்களுக்கு வலி. ஆனாலும் அசையவில்லை. ஒன்று மட்டும் மடியில் நிற்காமல் சட்டைக்குள் ஏறிக் கழுத்தோரம் போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் செவலை. "ஏம்மா, இது என்னையே தாய்க்கோழி ஆக்கிருச்சு" என்று சிரித்தீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் என்னிடம் சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான். அப்புறம் நிறுத்தவே இல்லை. உங்கள் அம்மா கோழி கவிழ்த்த பஞ்சாரம், பருந்தை விரட்டக் கல்லோடு காத்துக் கிடந்தது, அத்தை கல்யாணமாகி வந்து முதன்முதலாகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதை மறந்து நின்று கேட்டேன்.

விடிந்துதான் கரண்ட் வந்தது. நீங்கள் டீக்கடைக்குப் போய், "ராத்திரி பூரா தனியாளா உக்காந்து காப்பாத்தினேன்" என்றீர்களாம். தனியாளா! வெந்நீர் தானாகவா கொதித்தது?

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடையில் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்து, கோழிகள் கழுத்து திருகிச் செத்தன. நம் வீட்டில் ஒன்றும் சாகவில்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்ததால்தான் என்று ஊருக்கே வைத்தியம் சொன்னீர்கள். மாமா, அந்த நோய்க்கான பிப்ரவரி மாதக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கூடையில் தூக்கிப் போய் ஊசி போட்டு வந்தது நான். ஊசி போட்டால் முட்டை வைக்காது என்று நீங்கள் ஒத்துக்கொள்ளாததால், நீங்கள் கல்யாணத்துக்குப் போன நாளாகப் பார்த்துப் போனேன். வெங்காயத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அது வைரஸ், வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. உங்கள் முகம் வாடுமே என்று அப்போது சொல்லவில்லை.

சித்திரையில் செவலைக்குக் கொண்டை சிவந்தது. கேறிக்கொண்டே மூலை மூலையாக இடம் தேடி, கடைசியில் என் துணிக்கூடையில் இட்டது. சின்ன முட்டை, ஓட்டில் ரத்தக் கீற்று. துடைத்து உங்கள் கையில்தான் கொடுத்தேன். அது என் பிள்ளைகளுக்கு வரவில்லை. அப்புறம் இட்டதிலும் பல வரவில்லை. எங்கே போயின என்று நம் இருவருக்கும் தெரியும், இங்கே வேண்டாம். கூண்டைக் கூட்டி அள்ளுவது யார் வேலை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இந்தக் கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சரி. செவலை உங்கள் கோழி என்பது பாதிதான் உண்மை. பாதிக் கோழியை எப்படி அறுப்பது? நீங்கள் கோபித்துக்கொண்டாலும் அது கூண்டிலேயே கிடந்து சாகட்டும்.

படையலில் அதன் முட்டை இரண்டை அவித்து வைக்கிறேன். டாக்டர் சொன்னாரென்று மஞ்சள் கருவை உங்கள் தட்டிலிருந்து பிடுங்கிக்கொள்வேனே, அந்தத் தொல்லை இந்தத் தடவை இல்லை. கும்பிட்டு முடித்ததும் பேரன் பேத்திகள் எல்லோருக்கும் ஒரே அளவுதான். பரிமாறுவது நான்.

உங்கள் மருமகள்