மஞ்சள் அந்துப்பூச்சியும் கைபேசி சொன்ன பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைபேசியில் படம் எடுத்தால் பூச்சியின் பெயர் உடனே வந்துவிடும் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பிள்ளைகள் பூச்சியைக் குனிந்து பார்க்கிறார்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், வருகிற பெயரை அப்படியே கொப்பியில் எழுதிவைப்பது சரியில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகள் ஜூன் மாதம் ஒரு படம் அனுப்பினாள். வீட்டுப் பின்வளவில், பட்டப்பகலில், புல்லில் இருந்த அந்துப்பூச்சி. எலுமிச்சை மஞ்சள் சிறகு. அதில் கத்தரிப்பூ நிறத்தில் தெளித்துவிட்ட புள்ளிகள். செயலி 'சாந்தோடைப் சொஸ்பெட்டா' என்று முடிவே சொல்லிவிட்டதாம்.

சாந்தோடைப் என்ற பேரினம் வரைக்கும் சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் உர்ட்டிகேரியா என்ற இன்னோர் இனமும் பறக்கிறது. புள்ளி கூடினால் உர்ட்டிகேரியா என்பார்கள். அதன் பெண்ணுக்கோ புள்ளி குறைவு. சொஸ்பெட்டாவிலும் புள்ளி கூடியவை உண்டு. நிச்சயமாகப் பிரிக்க வேண்டுமென்றால் வயிற்றுப் பகுதியை எடுத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். எந்தப் படத்திலும் அது தெரியாது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. உயர்தர உயிரியலில் இயற்கைத் தேர்வுக்கு உதாரணமாக நாம் படிப்பிக்கும் மான்செஸ்டர் கறுப்பு அந்துப்பூச்சியும் இந்த மஞ்சள் பூச்சியின் கியோமெட்ரிடே குடும்பம்தான். அதே குடும்பத்துக் குளிர்கால அந்துப்பூச்சி ஐரோப்பாவிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், ஓக் மரங்களையும் அப்பிள் தோட்டங்களையும் மொட்டையடித்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த புரூஸ் அந்துப்பூச்சி பார்வைக்கு அதேதான். இரண்டிலும் பெண்ணுக்குப் பறக்கச் சிறகில்லை; பெண்ணின் வாசனையை வைத்து ஆணைப் பிடிக்கும் ஒரே வாசனைப் பொறிக்கு இரண்டின் ஆணும் வந்து விழும். பொறியில் விழுந்ததையெல்லாம் ஒரே பெயரில் எண்ணினால், வந்தேறி எவ்வளவு தூரம் பரவியது என்ற கணக்கே பிழைத்துப்போகும்.

இங்கே வெள்ளவத்தையில் வாசல் விளக்குக்கு வரும் பூச்சிகளுக்கும் இதே கவனம் வேண்டும். பேரினத்தோடு நிறுத்திய மாணவனுக்கு முழுப் புள்ளி கொடுக்க ஆசிரியர்கள் தயங்கக் கூடாது. உங்கள் இதழில் பிள்ளைகளின் படங்களைப் போடும்போது பிடித்த இடம், திகதி, சிறகின் அடிப்பக்கப் படம் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பின்னர் ஒருவர் சரிபார்க்க அவைதான் உதவும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06