வெங்காயத்தாளை எண்ணெய் பாட்டிலில் அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று நீங்களும் எழுதுகிறீர்கள், தோட்டக்கலைத் துறையும் சொல்கிறது, நாங்களும் போட்டுவிட்டோம். சரி, போட்டதெல்லாம் மொத்தமாக விளைந்து நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் எழுதக் காணோம். எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் இப்போது வெங்காயத்தாள் அப்படித்தான் நிற்கிறது. மழைக்கு வீட்டில் இருந்த வெங்காயமெல்லாம் முளைவிட்டுப் போக, தூக்கிப் போட மனசு வராமல் ஆளாளுக்குக் கொல்லையிலும் பழைய பெயின்ட் வாளியிலும் ஊன்றிவிட்டார்கள். முளைத்த வெங்காயத்தை ஊன்றினால் மூன்று நாலு வாரத்தில் தாள் அறுப்புக்கு வந்துவிடும். எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் வந்ததால், பக்கத்து வீட்டுக்கு ஒரு கட்டு கொடுக்கப் போனால் அவர்கள் நமக்கு இரண்டு கட்டு நீட்டுகிறார்கள். உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் கடை, அது நியாயமும்கூட, நாலு வாளி வைத்திருக்கிறவர்கள் அங்கே போய் உட்கார முடியாது.

நான் எழுதுவது அதற்காக இல்லை. தாளைப் பொடியாக அரிந்து கண்ணாடி பாட்டிலில் அமுக்கி, மேலே நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ தளும்ப ஊற்றி மூடி அலமாரியில் வைத்துவிட்டால் ஆறு மாசம் கெடாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கெடாது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமே, எண்ணெய் காற்றை உள்ளே விடாது என்பதுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மண்ணில் இருக்கும் போட்டுலினம் என்கிற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் பெருகும், அதற்கு ஈரமும் வேண்டும், புளிப்பும் கூடாது. மண்ணோடு ஒட்டி வளர்கிற தாளை எவ்வளவு கழுவினாலும் அதன் வித்து முழுதாகப் போகாது. எண்ணெயில் மூழ்கிய பச்சைத் தாளில் இந்த மூன்றும் அப்படியே அமைந்துவிடுகின்றன. அது சுரக்கும் நஞ்சு நரம்பைப் பிடிக்கும்: பார்வை இரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகளும் நின்றுபோகலாம். 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டைச் சாப்பிட்டு 30-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி நோயில் விழுந்தார்கள். வாடையும் மாறாது, ருசியும் மாறாது என்பதால் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்கிற நம் பழக்கம் இங்கே உதவாது. எண்ணெயில் ஊறிய தாள்தான் வேண்டும் என்றால் கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜிலேயே வைத்து, மூன்று நாலு நாளில் காலி செய்துவிடுங்கள்.

ஊறுகாய் மட்டும் எண்ணெயில்தானே கிடக்கிறது என்று கேட்பார்கள். ஊறுகாயைக் காப்பது அதில் இருக்கும் புளிப்பும் உப்பும்தான், எண்ணெய் அப்புறம்தான். அதனால் தாளைத் தொக்காகச் செய்யுங்கள். தாளை அரிந்து, காய்ந்த மிளகாய், கெட்டியாகக் கரைத்த புளி, கல் உப்பு சேர்த்து அரைத்து, நல்லெண்ணெயில் கடுகு வெந்தயம் தாளித்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை நிறம் போய்க் கறுத்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும்வரை இறக்கக் கூடாது. புளியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரக் கரண்டி போடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. களிக்குத் தொட்டுக்கொள்ள இது அமைந்துவிட்டால் கீரை கடையாத நாளிலும் வீட்டில் முணுமுணுப்பு இருக்காது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். தாளைப் பிடுங்காதீர்கள், அறுங்கள். தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் திரும்பவும் தழையும். இரண்டாவது அறுப்பு கொஞ்சம் மெலிசாக வரும், பரவாயில்லை. சமையலுக்கு வேண்டியபோது வேண்டிய அளவு அறுப்பதைவிட நல்ல சேமிப்பு எதுவும் இல்லை. வேரோடு பிடுங்கியே ஆகிவிட்டது என்றால் டம்ளரில் வேர் மட்டும் நனையத் தண்ணீர் ஊற்றி நிறுத்தி வையுங்கள், தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதானால் கழுவாமல் பேப்பரில் சுற்றி வைக்க வேண்டும் (படித்து முடித்த உங்கள் பேப்பருக்கு எங்கள் வீட்டில் இந்த வேலையும் உண்டு). ஈரத்தோடு கவரில் போட்டுக் கட்டினால் மூன்றாம் நாளே தாள் கொழகொழத்து, ஃபிரிட்ஜையே திறக்க முடியாதபடி நாறும்.

ஃப்ரீசர் உள்ளவர்களுக்கு வேலை சுலபம். தாளை வெந்நீரில் போட்டு எடுக்கவே வேண்டாம். கழுவி, துணியில் பரப்பி ஈரம் சுத்தமாக வற்றினதும் அரிந்து, தட்டில் மெலிசாகப் பரப்பி உறையவிட்டு, அப்புறம் டப்பாவில் கொட்டினால் கட்டியாக ஒட்டிக்கொள்ளாது, ஒரு கை அள்ளிப் போடலாம். உருகவிட்டால் துவண்டுபோகும், ஆகையால் ஃப்ரீசரில் இருந்து நேரே சூடான சட்டிக்குப் போக வேண்டும். முட்டைப் பொரியல், சேமியா, ஃபிரைட் ரைஸ், சூப் எல்லாவற்றுக்கும் ஆகும், பச்சையாக மேலே தூவ மட்டும் ஆகாது. மூடி இறுக்கமான டப்பாவாகப் பாருங்கள், இல்லையென்றால் ஐஸ்கிரீமிலும் வெங்காய வாடை அடித்துக் குழந்தைகளிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

காய வைப்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. தர்மபுரி, அரூர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஓசூர், தளி பக்கம் கார்த்திகை மார்கழி மூடாக்கில் காய வைத்தால் பூஞ்சைதான் மிஞ்சும், அங்கே வெயில் பார்த்துக் காத்திருப்பது மேல். நேர் வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும் என்பதால் நிழலில், மேலே மெல்லிய வெள்ளைத் துணி போர்த்திக் காய வைக்க வேண்டும். வெள்ளைத் தண்டு மெதுவாகக் காயும், பச்சை சீக்கிரம் காயும், இரண்டையும் தனித்தனி முறத்தில் போடுங்கள். விரலில் வைத்து நொறுக்கினால் பொடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தாளில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதனால் கூடை நிறையக் காய வைத்து ஒரு சின்ன டப்பாதான் கிடைத்தது என்று மலைக்க வேண்டாம். அடை மாவிலும் பருப்பிலும் ஒரு சிட்டிகை போட்டால் தெரியும்.

சித்திரையில் தாளிப்பு வடகம் போடுகிறவர்கள் அப்போது வரும் தாளையும் அதில் சேர்க்கலாம். சின்ன வெங்காயத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் உருண்டை பிடிபடாது. அரிந்த தாளை ஒரு பொழுது வாடவிட்டு, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் கலவையோடு பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காய வைத்தால் போதும். அவரைக்கொட்டைக் குழம்புக்கு இந்த வடகத்தைத் தாளித்துக் கொட்டுகிற மணம் தெருமுனைவரை போகும்.

இன்னொரு விஷயம். மிஞ்சின தாளைக் கூடையோடு மாட்டுத்தொட்டியில் கொட்டுகிறார்கள், பால் மாடு வைத்திருக்கிற வீட்டிலேயே இதைப் பார்க்கிறேன். வெங்காயமும் தாளும் அளவுக்கு மீறி உள்ளே போனால் மாட்டின் ரத்தச் சிவப்பணு உடையும், சோகை பிடிக்கும், மூத்திரம் சிவந்து போகும், பாலிலும் வாடை ஏறும். ஆடு ஓரளவு தாங்கும், மாடு அவ்வளவாகத் தாங்காது. நாய்க்குக் கொஞ்சம்கூட ஆகாது, வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் சேர்த்துத்தான். மிஞ்சினது மக்குக் குழிக்குப் போகட்டும்.

வாட்ஸ்அப் குறிப்பைப் பார்த்து எங்கள் தெருவிலேயே எத்தனை அலமாரியில் எண்ணெய் பாட்டில் நிற்கிறதோ தெரியவில்லை. உங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு டாக்டரிடமும் ஒரு கால்நடை மருத்துவரிடமும் கேட்டு, எண்ணெய் பாட்டிலைப் பற்றியும் மாட்டுத்தொட்டியைப் பற்றியும் நாலு வரி போடுங்கள். நான் சொன்னால் கேட்காதவர்கள் பேப்பரில் வந்தால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.