பாணதீர்த்தத்தில் இந்த முறையும் குளிக்க முடியாது

விக்கிரமசிங்கபுரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் காலையில் டீக்கடை வரை நடப்பதை விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

பாணதீர்த்த அருவியில் இப்போது குளிக்க விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும், போன ஞாயிற்றுக்கிழமை கோபமாகப் போனை வைத்துவிட்டாய். "நான் வளர்ந்த இடத்துக்கு என் பிள்ளையைக் கூட்டிப்போக எவனிடம் அனுமதி கேட்க வேண்டும்? காடு என்ன அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டாய். போனில் உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது. நடுவில் பேச விடமாட்டாய். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், பாட்டில் எதுவும் உள்ளே போகக் கூடாது. அகத்தியர் அருவிக்குப் போகலாம், சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகலாம். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். நீ சின்ன வயதில் பார்த்தாயே, காரையாறு அணையில் படகு ஏறி அக்கரைக்குப் போய் பாணதீர்த்தத்தில் குளிப்பது, அது போய்விட்டது. வழுக்கி விழுந்தும் சுழலில் சிக்கியும் ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு முன்போல விடுவதில்லை. உன் மகனுக்கு அங்கே நீச்சல் சொல்லித்தர வேண்டும் என்றாய். டொராண்டோவில் நீச்சல்குளம் இல்லையா?

'வளர்ந்த இடம்' என்று சொல்கிறாய். சரிதான். ஆனால் நாம் அங்கே எப்படி இருந்தோம் என்பதையும் யோசித்துப் பார். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. அதனால் அணைப் பக்கம் குடியிருப்பு கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1940-களின் தொடக்கத்தில் காட்டின் நடுவே அணையைக் கட்டினார்கள். 1944 முதல் அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு சேர்வலாற்றிலும் ஓர் அணை வந்தது. இரண்டு அணைகளுக்கும் நடுவே மலையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். பாபநாசம் அணை என்று சொல்கிற காரையாறு அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி. அப்பா ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் பேப்பர் வந்ததும் அணை நீர்மட்டம் போட்டிருக்கும் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறார். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம்தான். அந்தக் காட்டில் நாம் வேலைக்காக இருந்தோம், வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

இந்த ஆற்றைப் பற்றி நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. மொத்தம் 128 கிலோமீட்டர். காவிரி மாதிரி இன்னொரு மாநிலத்தில் பிறந்து வருவதில்லை. முல்லைப் பெரியாறு மாதிரி பக்கத்து மாநிலத்தோடு பஞ்சாயத்தும் இல்லை. தொடக்கம் முதல் கடைசி வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. கெட்டுப்போனால் பழி போட வேறு ஆளே கிடையாது. மேலே கொஞ்ச தூரம் மட்டும் அது நல்லபடியாக ஓடுகிறது. அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் நம்மை உள்ளே விடாமல் வைத்திருக்கிறார்கள். இது தற்செயல் என்று நீ சொல்வாயா?

பொதிகைக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை வருகிறது, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. இரண்டையும் வாங்கிக்கொள்கிற மலை. கீழே வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே நாலுமுக்கு, ஊத்து தேயிலைத் தோட்டங்களில் மழை அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் மழை பெய்தால் மட்டும் ஆறு வற்றாமல் ஓடிவிடாது. வெறும் பாறையில் கொட்டுகிற மழை ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும். அந்த மழையைச் சோலைக்காடுதான் பிடித்து வைக்கிறது. ஒரு முறை அப்பா நம்மைக் கூட்டிப்போய்ச் சருகுக்குள் கையை விடச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? மேலே காய்ந்த இலை. அதற்குக் கீழே பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே கறுப்பாக, ஈரமாக, வெள்ளை வெள்ளையாகப் பூசண நூல் ஓடிய மண். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது உன் விரலிடுக்கில் ஓர் அட்டை. நீ போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த கருமந்திகள் கூட்டமாகத் தாவி ஓடின. அந்தக் கறுப்பு மண்தான் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. பேயாறு, உள்ளாறு, காரையாறு, சேர்வலாறு எல்லாம் அப்படி ஊறி வருகிற தண்ணீர்.

முண்டந்துறையை 1962-இல் புலிகள் சரணாலயம் ஆக்கினார்கள். 1976-இல் களக்காட்டைச் சிங்கவால் குரங்குக்காக ஒதுக்கினார்கள். 1988-இல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். புலிக்காகப் பூட்டிய காடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இத்தனை வருடம் அங்கே இருந்தும் நான் புலியைக் கண்ணால் பார்த்ததில்லை. சிறுத்தைதான் வரும். வாசலில் கட்டிப்போட்ட நாயைத் தூக்கிக்கொண்டு போகும். புலியின் பெயரைச் சொல்லித் தண்ணீரையும் காப்பாற்றினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீர்நாய் பார்த்திருக்கிறேன். அதிலும் நீர்நாயைவிட அதன் எச்சத்தைத்தான் அதிகம் பார்த்தேன். துணி துவைக்கப் போகும்போது ஆற்று நடுவில் ஒரு தட்டைப் பாறையில் தினமும் புதிதாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் முழுக்க நண்டு ஓட்டுத் துணுக்குகள், சிவப்பும் வெள்ளையுமாக. கருவாட்டு நாற்றம் அடிக்கும். பாறை இடுக்கில் நண்டு இருக்க வேண்டுமானால் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், கரையில் நிழல் இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். வனத்துறை எத்தனை அறிக்கை எழுதினாலும் எனக்கு அந்தப் பாறையில் இருந்த குப்பைதான் சாட்சி.

சரி, இப்போது மலையைவிட்டு இறங்கு. பாபநாசம் கோயில் படித்துறைக்கு வா. இங்கே மீன்களுக்குப் பொரி போடுவோமே, பெரிய பெரிய மீன்கள், தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அவற்றை யாரும் பிடிக்கமாட்டார்கள், சாமி மீன். அதே படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய வேட்டியையும் சேலையையும் ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் துணியோடு போய்விடுமாம். போகவில்லை. நான் பார்த்தேன், படிக்குக் கீழே ஒரு பாறையைச் சுற்றி ஒரு மஞ்சள் சேலை இறுகிக் கிடந்தது. அதன் முந்தானையில் இன்னொரு வேட்டி மாட்டியிருந்தது. அதில் ஒரு மாலையின் நார். அந்த முடிச்சுக்குள் ஒரு சின்ன மீன் செத்துக் கிடந்தது. டன் கணக்கில் துணி வாரி எடுத்தார்கள் என்று அவ்வப்போது பேப்பரில் வருகிறது. மீனுக்குப் பொரி போட்ட கைதான் அந்தத் துணியையும் விட்டிருக்கும். காட்டைவிட்டு வெளியே வந்து ஆறு சந்திக்கிற முதல் ஊரே நம் ஊர்தான் அம்மாடி. முதல் காரியமாக நாம் அதற்குச் செய்கிற மரியாதை இது.

அதற்குப் பிறகும் அது நமக்குத்தான் உழைக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லுக்குச் சுமார் 86,000 ஏக்கர் பாசனம். குடிதண்ணீர் வேறு, தூத்துக்குடி வரை போகிறது. திருநெல்வேலியைத் தாண்டும்போது ஊர்ச் சாக்கடை கலக்கிறது. வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் நேரில் வந்து பார்க்கும் அளவுக்குப் போனது. இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை, உனக்கே தெரியும்.

காடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? அன்று இரவு முழுக்க நீ போன் அடித்துக்கொண்டே இருந்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு நின்றுவிட்டது. கடலோரச் சமவெளியில் அப்படிக் கொட்டுகிற மழையை மலைமேல் இருக்கிற சோலைக்காடு தடுக்க முடியாது. குளங்களும் ஓடைகளும் தூர்ந்து போகாமல் இருந்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த வேலை வனத்துறையுடையது அல்ல, நம்முடையது.

சோதனைச் சாவடியை நான் ஒரேயடியாக ஆதரிக்கவும் இல்லை. சுற்றுலாக்காரனை நிறுத்துவது வேறு, குடியிருந்தவனை நிறுத்துவது வேறு. சின்ன மைலாறு, பெரிய மைலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று பழங்குடிகளான காணிக்காரர்கள் இன்றும் உள்ளேயேதான் இருக்கிறார்கள். நம் வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் தேனும் கொண்டுவருவார்களே, அவர்கள்தான். இஞ்சிக்குழிக்காரர்கள் அணையைப் படகில் கடந்துதான் வெளியே வர வேண்டும். பிரசவ வலி வந்தாலும் அதுதான் வழி. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்கிற அரசு இவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதே மலையில் இருக்கிற மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இன்னும் பெரிய கதை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு, எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். அதில் நான்கு தலைமுறை கொழுந்து பறித்தது. கூலி கேட்டுத் திருநெல்வேலிக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 1999 ஜூலை 23 அன்று 17 பேர் இதே ஆற்றில் செத்தார்கள். 2024-இல் வேலையை முடித்துக்கொண்டு கீழே இறங்கச் சொல்லி அந்தக் குடும்பங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். தேயிலை போய்க் காடு திரும்ப வருவது ஆற்றுக்கு நல்லது என்று எனக்கும் புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போட்ட ஜமீனும் கம்பெனியும் சம்பாதித்தார்கள், வீட்டை விட்டு இறங்கியவர்கள் கொழுந்து பறித்தவர்கள் மட்டும்தான். இந்த நியாயத்தை எந்தப் புலியும் கேட்கவில்லை. இதை அப்பாவிடம் சொன்னால் சண்டை வருகிறது. குத்தகை என்றால் ஒரு நாள் முடியத்தானே செய்யும் என்கிறார்.

அவர்களோடு பார்த்தால் உனக்கு என்ன நஷ்டம்? ஒரு படகுச் சவாரி, ஒரு குளியல். அதற்கா அத்தனை கோபம்?

உன் பிள்ளைக்கு ஆற்றைக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே? நான் காட்டுகிறேன். காலையில் அகத்தியர் அருவி. ஜூலையில் சாரல் இருக்கும், தண்ணீரும் விழும். பிறகு திருப்புடைமருதூர். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேருகிற இடம். அங்கே கோயில் மரங்களில் பறவைகள் கூடு கட்டும். ஊர்க்காரர்களே அவற்றைக் காத்து வந்ததால்தான் 2005-இல் அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. சாவடியும் கிடையாது, பையைத் திறந்து காட்டச் சொல்லவும் ஆள் கிடையாது. அப்படியும் ஓர் இடம் பிழைத்திருக்கிறது என்பதை அவன் பார்க்கட்டும். மறுநாள் புன்னைக்காயல். முகத்துவாரத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. போகிற வழியில் கொற்கையையும் பார்த்துக்கொள்ளலாம். பாண்டியர் காலத்தில் முத்துக் குவிந்த துறைமுகம். ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணால் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய், இன்றைக்கு அங்கே வயலும் வாழையும்தான் இருக்கின்றன. பையனுக்கு அந்தக் கதை பிடிக்கும். அருவியைவிட அதைத்தான் ஞாபகம் வைத்திருப்பான் பார்.

அவனுக்கு இரண்டு ஜோடி பழைய செருப்பு எடுத்து வை, பாறையில் வழுக்காததாக. ஆச்சிக்கு சாக்லேட் வேண்டாம், சர்க்கரை ஏறியிருக்கிறது. அப்பாவுக்கு முழங்காலுக்குப் போடுகிற அந்த உறை கிடைத்தால் ஒன்று வாங்கி வா. டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரைப் பார்த்துவிடு. ஆடி அமாவாசைக்கு முன்னும் பின்னும் மட்டும் வேண்டாம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், பாபநாசம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம் வீட்டில்தான் இறங்குவார்கள். உனக்குப் படுக்கப் பாய்கூட மிஞ்சாது.

அன்புடன்,
அம்மா