கையெழுத்துக்கு முன் படித்துப் பார்

அன்பு மகளுக்கு,

உள்ளாட்சியின் இளைஞர் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. போனில் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வயதில் நானும் ஒரு நூலகக் குழுவில் இருந்தேன். முதல் கூட்டத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் தீர்மான நோட்டு என்னிடம் வந்தது. கூட்டம் தொடங்கவே இல்லை. அதற்குள் நீல மையில் எல்லாம் எழுதியாகிவிட்டது, 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்பது உட்பட. என் பெயருக்கு எதிரே மட்டும் காலி இடம். மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை 8 படி கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். நம் இஷ்டத்துக்கு ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது என்று கீழே இருக்கும் 3 படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. நான் நின்றது அங்கேதான். 4-ஆவது படியைப் பார். வேலையைப் பெரியவர்களே கொடுத்திருக்கலாம், ஆனால் அது எதற்காக, யார் முடிவு செய்தது என்பது இளையவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையான பங்கேற்பு அங்கிருந்து தொடங்குகிறது என்கிறார். எடுத்த எடுப்பிலேயே நீ தலைமை ஏற்க வேண்டியதில்லை. விவரம் உன் கைக்கு வந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நிகழ்ச்சி நிரலைச் சில நாள் முன்னாடியே கேட்டு வாங்கு. பட்ஜெட் எந்த மாதம் தயாராகிறது என்று விசாரி. அது முடிந்தபின் சொல்கிற யோசனை, எவ்வளவு நல்லதானாலும், அடுத்த வருஷத்துக்குத்தான். பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதே. 2014-இல் பாஸ்டன் நகர நிர்வாகம் 10 லட்சம் டாலரை எதற்குச் செலவிடுவது என்ற முடிவை 12 முதல் 25 வயதுக்காரர்களிடம் விட்டது. பிள்ளைகளே யோசனைகளைத் திரட்டி, திட்டமாக்கி, வாக்களித்தார்கள். பூங்காச் சீரமைப்பும் பள்ளிகளுக்கு லேப்டாப்பும் அப்படி வந்தவைதான். ஒரு நகரத்தின் செலவில் அது சின்னத் தொகை, ஆனாலும் அது எங்கே போக வேண்டும் என்பதை அவர்களின் வாக்கு தீர்மானித்தது.

உங்கள் யோசனையை ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேள். சண்டை போடச் சொல்லவில்லை. பதில் வராத இடத்துக்குப் பிள்ளைகள் இரண்டாவது முறை வரமாட்டார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. கூட்டம் புதன்கிழமை பகல் 11 மணிக்கு என்றாயே, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிறவர்களும் எப்படி வருவார்கள்? நேரத்தை மாற்றச் சொல்வதையே உன் முதல் கோரிக்கையாக வைக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் போன் பண்ணு. நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று வரிவரியாகச் சொல்லணும்.

அன்புடன்,
அம்மா