புலப்படம் வரைந்த கைக்கு மேப் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் மூளையைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘பெண்களின் மூளை அமைப்பே வேறு, அதனால்தான் அவர்களுக்கு மேப் பார்த்து வழி கண்டுபிடிக்க வருவதில்லை.’ படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இன்றோடு நான்கு நாளாகிறது, மனசு ஆறவில்லை. நான் 31 வருடம் நில அளவை வரைவாளராக வேலை பார்த்தவள். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்கிற, ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படங்களை வரைந்துதான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

எந்த ஆய்வு என்று கட்டுரை சொல்லவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2013 டிசம்பரில் வெளியிட்டதாகத்தான் இருக்க வேண்டும். அப்போதும் இதே மேப் கதை உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் ஓடியது. 8 வயது முதல் 22 வயது வரை 949 பேரை ஸ்கேன் செய்தார்கள். மூளைக்குள் தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை வைத்து நரம்பு இழைகளின் போக்கைக் கணிக்கிற முறை அது. ஆண்களுக்குச் சராசரியாக மூளையின் ஒவ்வொரு பாதிக்குள்ளும் இணைப்பு அதிகம், பெண்களுக்கு இரண்டு பாதிகளுக்கும் நடுவில் அதிகம் என்று வந்தது. ஸ்கேனுக்குள் படுத்திருந்த யார் கையிலும் மேப்பைக் கொடுத்து வழி கேட்கவில்லை. மூளையின் அளவு மாறினாலே இந்த இணைப்புக் கணக்கும் மாறும் என்று மற்ற விஞ்ஞானிகள் எழுப்பிய கேள்வியும் உங்கள் கட்டுரையில் இல்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

1986-ல் வேலைக்குச் சேர்ந்தபோது, ‘பொம்பளைக்கு எதுக்கும்மா ஃபீல்டு’ என்று சொல்லி ஆறு வருடம் நகல் எடுக்கவே உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒருநாள் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து உட்பிரிவு வந்தது. அளந்து வந்த இருவரும் ஆண்கள், அனுபவசாலிகள். அவர்கள் கொடுத்த அளவுகளை மேசையில் வைத்து ஸ்கேலால் போட்டால் புலம் மூடவே இல்லை, எல்லைக் கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. மேற்கு எல்லை கிட்டத்தட்ட நாலு மீட்டர் நீண்டு நின்றது. நான் தப்பாகப் போட்டிருப்பேன் என்றார் மேலதிகாரி. மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன். பிறகு பக்கத்துப் புலங்களின் படங்களை எடுத்து ஒட்டி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓடை அந்த மேற்கு எல்லையை ஒட்டித்தான் இறங்கியது. அப்படியென்றால் அங்கே கடும் சரிவு இருக்க வேண்டும். சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டு அளந்தால் நீளம் கூடிவிடும். கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கித்தான் அளக்க வேண்டும். சொன்னேன். போய் மறுபடி அளந்தார்கள், புலம் மூடியது. அந்தத் தோட்டத்தை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. பாராட்டு அளந்தவர்களுக்குப் போனது. போகட்டும். ஆனால் எனக்கு மேப் தெரியாது என்று இத்தனை வருடம் கழித்து என் வீட்டுக்கே வந்து ஒரு பேப்பர் சொல்லலாமா?

இது புதுக் கதையும் இல்லை. 1887-ல் ரொமானிஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், பெண்ணின் மூளை சராசரியாக ஐந்து அவுன்ஸ் எடை குறைவு, அதனால் அறிவும் குறைவு என்று எழுதினார். எடை குறைவு என்பது உண்மைதான். உடம்பும் சராசரியாகச் சிறியது. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2 கிலோ இருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்சின் மூளை 1 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியது. அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. இந்த எடைக் கணக்கை எதிர்த்து வாதாடிய ஹெலன் கார்டனர் என்ற அமெரிக்கப் பெண்மணி, எடுத்துப் பாருங்கள் என்று தன் மூளையையே கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு பெண் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உருவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனையில் ஆண்களின் சராசரி கூடுதல்தான். ஆனால் சராசரி வேறு, ஆள் வேறு. அந்தச் சோதனையில் பல ஆண்களை முந்தும் பெண்கள் நிறைய. 2015-ல் இஸ்ரேலில் தாப்னா யோயெல் குழுவினர் 1,400-க்கு மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன்களைப் பார்த்தபோது, முழுக்க ‘ஆண்’ பக்கமோ முழுக்க ‘பெண்’ பக்கமோ நிற்கும் மூளைகள் மிகச் சொற்பம், பெரும்பாலானவை கலவை. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு, வழிகளைப் படித்துப் படித்தே மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் பெருத்திருந்தது. எனக்கு ஆறு வருடம் ஃபீல்டை மறுத்துவிட்டு, அப்புறம் என் மூளையைக் குறை சொன்னால் எப்படி?

ஆராய வேண்டிய வித்தியாசங்கள் இருக்கின்றன. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று 2013-ல்தான் அமெரிக்காவில் அவர்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். அதுவரை எத்தனை பெண்கள் காலையில் அரைத்தூக்கத்தில் கார் ஓட்டினார்களோ. இதையெல்லாம் எழுதுங்கள், வரி விடாமல் படிக்கிறேன்.

இதற்கு முன்பும் இரண்டு கடிதம் போட்டேன். பிளஸ் டூ தேர்வில் முதலில் வந்த பெண்ணிடம் ‘சமைக்கத் தெரியுமா’ என்று உங்கள் நிருபர் கேட்டதற்கு ஒன்று. இரண்டும் வரவில்லை.

என் பேத்தி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சிவில் இன்ஜினீயரிங் எடுக்க வேண்டும் என்று ஆசை. அவளுடைய பெரியப்பா உங்கள் கட்டுரையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இதைப் படிச்சுட்டு முடிவு பண்ணும்மா’ என்று எழுதியிருக்கிறார். பிள்ளை அதற்கு ஒரு வார்த்தை பதில் போடவில்லை. இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் பழைய ஸ்கேல் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், அந்த ஆய்வில் மேப் படிக்கும் சோதனை எதுவும் இல்லை என்று நான்கு வரி போடுங்கள். முடிந்தால் பக்கத்தின் மேல்பாதியில் போடுங்கள். படம் எடுத்து நானும் அந்தக் குழுவில் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவை வரைவாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.